ஐந்து மைல் யாருடையது

போன மாசம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. ‘மண்ணோடு வாழ்தல் - மூன்று நாள் பயிலரங்கு.’ கையால் செய்த காகிதம். அதில் காய்ந்த இலை ஒன்றை ஒட்டி அழகாக அச்சடித்திருந்தார்கள். கலந்துகொள்கிறவர்களுக்குக் கட்டணம் 6,500 ரூபாய். சாப்பாடு சிறுதானியம். தங்குவது மண் குடிலில். எனக்குக் கட்டணம் கிடையாது, நான் பேச வேண்டியவள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘ஒடுக்கப்பட்டோரின் மரபுக் குடியிருப்பு ஞானம்.’

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவள், “மண்ணு ஊட்ல தூங்கறதுக்கு ஆறாயிரத்தி ஐநூறு குடுக்கறாங்களா? நாம எத்தினி வருசம் தூங்கனோம், கணக்குப் போடுடி. எவன்கிட்ட வாங்கறதுன்னு கேளு” என்றாள்.

சிரித்துவிட்டு அந்தக் காகிதத்தைப் போட்டுவிட்டிருக்கலாம். போட முடியவில்லை. அதே நிறுவனம் எங்கள் காலனிக்கும் வந்திருக்கிறது. ஏரிக்கரையை ஒட்டி, பட்டா இல்லாமல் குடியிருக்கிற 12 குடும்பங்களுக்கு ‘சூழலுக்கு உகந்த மாதிரி வீடு’ கட்டித் தருகிறோம் என்று வரைபடத்தோடு வந்து நிற்கிறார்கள். மண் சுவர், ஓலைக் கூரை, சாணித் தரை. ஊர்த் தெருவில் ஒருத்தருக்கும் இல்லை. எங்களுக்கு மட்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘ஞானம்’ என்ன என்று சொல்லிவிடுகிறேன். பயிலரங்குக்குப் போகாமலே சொல்லிவிடலாம்.

எங்கள் ஆயா ஊடு ஒன்பது அடிக்குப் பதினாறு அடி. குனிந்துதான் நுழைய வேண்டும். அந்தக் குனிவைக் கூட ஒருவர், ‘வீட்டுக்குள் நுழைகிறவனைப் பணிய வைக்கிற மரபு நுட்பம்’ என்று ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார். வெளியில் போனாலும் குனிவு, உள்ளே வந்தாலும் குனிவு என்றால் முதுகு எப்போது நிமிர்வது என்று அவர் எழுதவில்லை. சுவர் வைக்க மண் வேண்டும். நல்ல மண் ஏரியில் இருந்தது. ஏரி ஊர்க்காரர்களிடம் இருந்தது. ஆண்டையைக் கேட்டு, அவர் களத்தில் நாலு நாள் சும்மா வேலை செய்து கொடுத்த பிறகுதான் மண்வெட்டி வைக்கலாம். தண்ணீர் எங்கள் கிணற்றில் இருந்து. மண்ணைக் குழியில் கொட்டி, பதரும் உமியும் போட்டு, தண்ணீர் விட்டு, மூன்று நாள் ஊற விட்டு, மிதிக்க வேண்டும். மிதித்தது ஆயாவும் அம்மாவும் பெரியம்மாவும். ஒரு நாளைக்கு ஒரு முழ உயரத்துக்குமேல் சுவர் வைக்கக் கூடாது, சரிந்துவிடும். ஒரு படை வைத்து, அது காய்ந்த பிறகு அடுத்த படை. சுவர் எழும்பி முடிய ஒரு மாசம் ஆகும். அந்த மாசம் முழுக்கக் கூலி கிடையாது. பாதிக் கஞ்சி.

கூரைக்கு சவுக்குக் கழி, மூங்கில், கரும்புச் சோகை. இதில் எது எங்கள் நிலத்தில் விளைந்தது? நிலமே இல்லை. சோகை ஆண்டை கொல்லையில் இருந்து வரும், கடனாக. இரண்டு வருசத்துக்கு ஒரு தரம் கூரை மாற்றியாக வேண்டும். மாற்றுகிற வருசமெல்லாம் அப்பா அந்தக் கொல்லைக்கே அடிமை. இதைத்தான் இன்றைக்குப் ‘புதுப்பிக்கத்தக்க கட்டுமானப் பொருள்’ என்கிறார்கள். புதுப்பிக்கத்தக்கதாக இருந்தது எங்கள் கடன்தான்.

தரை மெழுகச் சாணி. மாடு எங்களிடம் ஏது? ஊர்த் தெருவில் தொழுவம் கூட்டுகிற அம்மா கூடையில் எடுத்து வருவாள். அதற்கும் சில வீடுகளில் கணக்கு உண்டு, “எருவுக்கு இல்லாம எல்லாத்தையும் வாரிக்கினு போற” என்பார்கள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மெழுகி மெழுகி அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். சாணி கிருமிநாசினியாம். சேற்றுப்புண்ணுக்கு அது தெரியவில்லை.

ஒரு ஐப்பசி மழையில், ராத்திரி, வடக்குச் சுவர் அடி கரைந்து உள்பக்கம் விழுந்தது. ஒரு ஆடு செத்தது. ஆயாவுக்குக் கால் போனது. அதற்குப்பிறகு சாகிற வரைக்கும் கால் இழுத்துத்தான் நடந்தாள். வடகிழக்குப் பருவமழை வருகிற ஒவ்வொரு வருசமும் பத்திரிகையில் பாருங்கள், ‘மண் சுவர் இடிந்து மூதாட்டி பலி’ என்று இரண்டு வரி உள்பக்கத்தில் வரும். அந்த மூதாட்டிகளை யாரும் பயிலரங்குக்கு அழைப்பதில்லை.

இந்தச் சூழல் கட்டுமானக்காரர்கள் கட்டாயம் சொல்லும் கதை ஒன்று உண்டு. லாரி பேக்கர், இங்கிலாந்துக்காரர், 1917ல் பிறந்தவர், இந்தியாவுக்கு வந்த இளைஞராக இருந்தபோது காந்தியைச் சந்திக்கிறார். நல்ல கிராமத்தில் நல்ல வீடு என்பது, சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கிற பொருளைக் கொண்டு கட்டப்பட்டதாக இருக்க வேண்டும் என்று காந்தி அவரிடம் சொன்னாராம். பேக்கர் இதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அழகான வாக்குத்தான். ஆனால் தோழர்களே, அந்த ஐந்து மைல் யாருடையது? ஏரி யாருடையது, பனை யாருடையது, மூங்கில் புதர் யாருடையது, செங்கல் சூளை யாருடையது? சேரிக்காரனுக்கு ஐந்து மைலுக்குள் கேட்காமல் கிடைத்தது அவன் உடம்பு ஒன்றுதான். அதைக் கொண்டுதான் சுற்றியுள்ள எல்லா வீடுகளும் கட்டப்பட்டன, அவன் வீடு தவிர.

பேக்கரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தொழுநோயாளிகளுக்கு நடுவே வேலை செய்தவர். திருவனந்தபுரத்தில் குடிசைவாசிகளுக்கும் மீனவர்களுக்கும் வீடு கட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து நடுவில் சந்து விட்டு அவர் கட்டிய ‘எலிப்பொறிக் கட்டு’ நாலில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சம் பிடிக்கும், வெயிலையும் தடுக்கும். செலவு குறைக்கிற வழிகளைக் கைப்பட எழுதி, கைப்படப் படம் போட்டுச் சின்னச் சின்னப் புத்தகமாகக் கொடுத்துவிட்டுப் போனார். 2007ல் இறந்தார். என் சண்டை அவரோடு இல்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஏழைக்கென்று கண்டுபிடித்ததைப் பணக்காரனின் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நீதிபோதனையாக எங்கள் தெருவுக்குத் திருப்பி அனுப்புகிறவர்களோடுதான்.

அவர் வாழ்ந்த கேரளத்தையே பாருங்கள். ‘வீடு’ என்ற சொல்லே எல்லோருக்கும் உரியதாக இல்லை. வில்லியம் லோகன் 1887ல் வெளிவந்த மலபார் நூலில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். நம்பூதிரி இருப்பது இல்லம், இன்னும் பெரிய நம்பூதிரி என்றால் மனை. ராசா இருப்பது கோவிலகம். நாயர் இருப்பது வீடு. கைவினைச் சாதிகளுக்குப் புரை, குடி. பறையனுக்குச் சேரி. வயலடிமையாக இருந்த செறுமனுக்குச் சாளை. ஒரே மண்ணில், ஒரே ஓலையில் கட்டினாலும் பெயரில்கூட அது வீடு ஆகிவிடக் கூடாது.

இங்கே தமிழ்நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. அந்த எட்டில் ஒன்று, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைப் பதிந்திருக்கிறார். இன்றைக்கு மண்சட்டிச் சமையலின் மகிமையை முழங்குகிறவர்களுக்கு இந்தத் தடை தெரியுமா? மண்சட்டியில் குழம்பு ருசிதான், யார் இல்லை என்றது? ஆனால் எங்கள் வீட்டில் முதல்முதல் ஒரு பித்தளைக் குடம் வந்த அன்றைக்கு அதை ஆயா கவிழ்த்து வைத்திருந்தாள், தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. விரும்பி எடுப்பவனுக்கு மண் எளிமை. விதிக்கப்பட்டவனுக்கு அது சட்டம்.

இன்னும் பின்னே போகலாம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891ல் கொடுத்த அறிக்கையில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு செய்தி, பறையர்களுக்குக் குடிசை போட்ட தரைகூடச் சொந்தமில்லை என்பது. மிராசுதாரை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் குடிசையைப் பிரித்துப் போட்டுவிடலாம். அந்த அறிக்கையில் இருந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. வந்த நிலம் எங்கே போனது என்று கேட்டதற்குத்தான் 1994ல் காரணையில் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆக, பிரித்துப் போட எளிதாக இருக்க வேண்டும் என்பதுதான் சேரி வீட்டின் வடிவமைப்பு விதி. அந்த வடிவமைப்பாளர் ஆண்டை. ‘தடமின்றி மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும் வீடு’ என்று இப்போது வரைபடத்தின் கீழே எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீடுகள் தடமின்றித்தான் கலந்தன. அதனால்தான் தாசில்தார் அலுவலகத்தில் நாங்கள் அங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள்.

அப்புறம் நெருப்பு. கீழவெண்மணி, 1968 டிசம்பர் 25. 44 பேர். ஒரே குடிசைக்குள். கூலி உயர்வு கேட்டவர்களின் பெண்டு பிள்ளைகளும் கிழவர்களும். அது ஓலைக் கூரை. அதைப் படித்த பிறகு ஓலைக் கூரையை அண்ணாந்து பார்த்து ‘ஆகா, என்ன குளுமை’ என்று சொல்ல என்னால் முடியாது. எங்கள் தெருவில் கோடை வந்தால் ஒவ்வொரு கூரைமேலும் ஒரு பானைத் தண்ணீர் கயிற்றில் தொங்கும். பெட்டிகளைக் கட்டி வாசல் ஓரமாக வைத்துக்கொண்டுதான் தூங்குவோம். பக்கத்து ஊரில் ஏதாவது தகராறு என்று கேள்விப்பட்டால் பெண்கள் தூங்குவதே இல்லை. கான்கிரீட் மோகம், கான்கிரீட் மோகம் என்கிறீர்களே, மோகம் இல்லை ஐயா, பயம்.

காரை வீடு கட்டினால் மட்டும் விட்டுவிட்டார்களா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விடவில்லை. 1995ல் கொடியன்குளத்தில் போலீசே இறங்கி, வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் வந்த மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் தேடித் தேடி உடைத்தது. 2012 நவம்பர் 7ல் தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 250க்கு மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டு, சூறையாடப்பட்டன. அதில் காரை வீடுகள் நிறைய. உள்ளே புகுந்து பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால் கான்கிரீட்டும் வெடிக்கும். ஆனால் அவர்கள் எதற்காக அந்தச் சுவர்களைத் தேடிப் போனார்கள் என்பதையும் யோசியுங்கள். சேரிக்காரன் தளம் போட்ட வீட்டில் படுத்திருக்கிறான் என்பதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. எதை இடிக்க அவன் இத்தனை மெனக்கெடுகிறானோ அதைக் கட்டுவதில் எனக்கு ஒரு அர்த்தம் தெரிகிறது.

2019 டிசம்பர் 2ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் நடூர். பக்கத்து வசதிக்காரர் வீட்டுக் கருங்கல் மதில், சுமார் இருபது அடி, விடியற்கால மழையில் சரிந்து அருந்ததியர் வீடுகள்மேல் விழுந்தது. 17 பேர். அந்த மதிலும் ஐந்து மைலுக்குள் கிடைத்த கல்லில் கட்டியதாகத்தான் இருக்கும்.

இனி சிமெண்ட்டுக்கு வருகிறேன், இல்லாவிட்டால் தப்பித்துக்கொண்டாள் என்பார்கள். உலகம் வெளியேற்றுகிற கரியமிலவாயுவில் நூற்றுக்கு 8 பங்கு அளவுக்குச் சிமெண்ட் தயாரிப்பில் இருந்து வருகிறது என்பது உண்மை. சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி சூட்டில் வேக வைக்கிறார்கள். எரிபொருள் புகை ஒரு பக்கம், கல்லே வெந்து விடுகிற வாயு இன்னொரு பக்கம். அரியலூரில் போய்ப் பார்த்தால் சுண்ணாம்புச் சுரங்கங்கள் ஊரை எப்படித் தின்றிருக்கின்றன என்று தெரியும். ஆற்று மணல் போனதும் தெரியும். அங்கே புழுதி தின்கிறவர்களிலும் எங்கள் சனம் உண்டு, சூளையில் முன்பணத்துக்கு அடைபட்டுக் கிடப்பவர்களிலும் எங்கள் சனமும் இருளரும்தான். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததில்லை.

ஆனால் கணக்கு என்றால் முழுக் கணக்கு. கொத்தனார் கணக்கில் 300 சதுர அடி வீட்டுக்கு நூறு, நூற்றிருபது மூட்டை சிமெண்ட் ஆகும். ஆறு டன் என்று வையுங்கள். அதற்கு வெளியாகும் கரியமிலவாயு ஏறக்குறைய ஐந்து டன். ஒரு குடும்பம் நாற்பது வருசம் இருக்கப் போகிற வீட்டுக்கு, ஒரே ஒரு தரம். ஐரோப்பாவில் இருந்து மூன்று பேர் விமானத்தில் வந்து மண் குடிலில் மூன்று நாள் தங்கித் திரும்பிப் போனால் அதே கணக்குத்தான் கிட்டத்தட்ட வரும். எட்டு வழிச் சாலைக்கும் அடுக்குமாடிக்கும் கார் நிறுத்துகிற மூன்று தட்டுப் பாதாளத்துக்கும் கொட்டுகிறீர்களே, அதை எத்தனை மூட்டை என்று எந்தப் பயிலரங்கில் எண்ணினீர்கள்? பூமி சூடாவதற்கு எங்கள் வீட்டுத் தளம்தான் காரணம் என்பது போல எங்கள் தெருவுக்கு வந்து ஏன் நிற்கிறீர்கள்? உலகத்தைக் காப்பாற்றுகிற வேலையிலும் கடைசித் தெருவில் இருந்துதான் தொடங்குவார்கள் போல. சென்னையில் அப்படித்தான் ஆறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று கரையில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாக்கம் இருப்பதே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டித்தான். சூழலியல் நகைச்சுவை.

அரசாங்கம் கட்டிய வீட்டுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. தொகுப்பு வீடு என்ற பெயரில் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தில் 1985 முதல் கட்டிக் கொடுத்தவற்றில் எத்தனை நிற்கின்றன? எங்கள் வீடே அதுதான். 1978 சட்டத்தின்படி நிலம் எடுத்து மூன்று சென்ட் கொடுத்தார்கள். ஊருக்குத் தெற்கே பள்ளத்தில். பள்ளத்தைத்தான் கொடுப்பார்கள். தளம் பத்து வருசத்தில் உதிர ஆரம்பித்தது. கம்பி துருப்பிடித்துத் தெரியும். சாப்பிடும்போது தட்டில் காரை விழும். கோடையில் அடுப்புக்குள் படுத்த மாதிரி. சித்திரை, வைகாசியில் குடும்பமே தெருவில்தான் பாய் போடும். 2011ல் ‘பசுமை வீடு’ வந்தது. 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், சூரிய ஒளி விளக்கு. எங்கள் தெருவில் ஆறு வீடு. கொஞ்ச வருசத்தில் பேட்டரி போனது, மாற்ற ஆள் வரவில்லை. கூரைமேல் இருக்கிற தகட்டில் இப்போது வடகம் காய்கிறது. பச்சை வண்ணம் மட்டும் மிச்சம். 2024ல் ‘கலைஞரின் கனவு இல்லம்’ அறிவித்தார்கள். 2030க்குள் எட்டு லட்சம் வீடு, ஒவ்வொன்றும் 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். சந்தோசம். ஆனால் முதல் கேள்வியே, “பட்டா இருக்குதா?”

இங்கேதான் அந்த 12 குடும்பம். இருப்பது ஏரிப் புறம்போக்கு. மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். 2007ல் ஏரிகளைப் பாதுகாக்க வந்த ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தைக் காட்டி அவ்வப்போது நோட்டீசு ஒட்டுவார்கள். அதே ஏரியின் மேற்கே ஊர்க்காரர்கள் பயிர் வைத்திருக்கிற இடத்தில் ஒட்டிய நோட்டீசை நான் பார்த்ததில்லை. அரசு வீடு இவர்களுக்கு வராது. அந்தப் பள்ளத்தில்தான் நிறுவனம் நுழைகிறது. பட்டா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் மண்ணில் கட்டித் தருகிறோம். ஏன் பரவாயில்லை? மண் வீடு நிரந்தரக் கட்டடம் இல்லை. நாளைக்கு ஜேசிபி வந்தால் ஒரு பீடி குடிக்கிற நேரம். யாருக்கும் நட்டமில்லை. நிழற்படம் எடுத்தாகிவிட்டது, அறிக்கை அனுப்பியாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். வந்த பையன் நல்ல பையன், அதைச் சொல்ல வேண்டும். கட்டடக்கலை படித்தவன், கதர் சட்டை, செருப்பில்லாத கால். மண்ணை உள்ளங்கையில் எடுத்து உருட்டிக் காட்டி, களி எத்தனை, மணல் எத்தனை என்று சொன்னான். வீட்டுக்குள் வெப்பம் ஐந்தாறு டிகிரி குறையும் என்றான். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா எழுந்தாள். “யாப்பா தம்பி, நீ சொல்றது அத்தினியும் நெசம். ஊர்த் தெருவுல எத்தினி பேருக்கு இந்த மாதிரி கட்டறீங்க?”

“அவங்களுக்குத் தேவைப்படலைம்மா. அவங்ககிட்ட வீடு இருக்கு.”

“சரி. உங்க ஊடு எதுல கட்டனது?”

அவன் பொய் சொல்லவில்லை. அடையாறில் அடுக்குமாடி என்றான். யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பன்னிரண்டில் ஒரு வீட்டுக்காரி, மூன்று பெண்பிள்ளைகளை வைத்திருப்பவள், “உங்களுக்குப் பேசறதுக்கு இருக்குது, எனக்குக் கார்த்திக மழ வந்துடும்” என்றாள். அவள் வீட்டில் இப்போது தார்ப்பாய். மண் சுவர் என்றாலும் அது சுவர். அவளை எதிர்த்து நான் என்ன கட்டுரை எழுத முடியும்? ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஏழு பேர் போடவில்லை. பட்டா கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவது என்று முடிவானதில் பன்னிரண்டு பேரும் சேர்ந்திருக்கிறார்கள். அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்லது.

கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் சித்தப்பா. மண் வேலை அவருக்கு இருபது வருசப் பழக்கம். இந்த வட்டாரத்தில் மண்ணில் கட்டுகிற இடங்களுக்குக் குறைவில்லை. ஆரோவில்லில் 1989 முதல் இதற்கென்றே ஒரு கழகம் இயங்குகிறது, இரும்பு இயந்திரத்தில் மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து அழுத்திக் கல் செய்கிறார்கள். அந்தத் தொழில் சுற்றுவட்டாரமெல்லாம் பரவிவிட்டது. சித்தப்பா எங்கெங்கோ கட்டினார். அவர் பூசிய சுவர் வழவழப்பான ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் முழுப் பக்கம் வந்தது. கீழே கட்டடக் கலைஞர் பெயர், நிழற்படக்காரர் பெயர், வீட்டுக்காரர் வளர்க்கிற நாயின் பெயர்கூட இருந்தது. சித்தப்பா பெயர் இல்லை. ‘உள்ளூர்க் கைவினைஞர்கள்’ என்று இருந்தது. தினக்கூலி. மண்ணை எந்தப் பதத்தில் எடுக்க வேண்டும், கடுக்காய்த் தண்ணீர் எத்தனை நாள் ஊற வேண்டும், மழைக்கு எந்தப் பக்கம் சுவரை இழுத்துக் கட்ட வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டவர் இப்போது வகுப்பு எடுக்கிறார்.

அன்று ராத்திரி அவரிடம் கேட்டேன். “மண்ணுல ஒண்ணும் குத்தம் இல்லம்மா” என்றார். “மண்ணு குளுந்த சாமான். அடிக்குக் கருங்கல்லு போட்டு, கூரய நாலடி வெளிய இழுத்து, சுண்ணாம்பு பூசிட்டா நூறு வருசம் நிக்கும். நாங்க அப்படியா கட்டனோம்? கருங்கல்லு ஏது, சுண்ணாம்பு ஏது. நமக்கு மண்ணு மட்டுந்தான் உட்டாங்கோ, அதான் உயுந்துச்சு.”

“அப்ப நீங்க ஏன் உங்க வீட்டத் தளம் போட்டீங்க?”

“எம் புள்ளைக்குப் பொண்ணு குடுக்க வரவன் என் சுவத்துல எத்தினி டிகிரி இருக்குதுன்னா பாப்பான்?”

இதைத்தான் நம்ம ஆட்களே சிலர் அந்தஸ்து மோகம் என்கிறார்கள். எகிப்தில் அசன் ஃபாத்தி என்ற பெரிய கலைஞர் 1946ல் ஏழைகளுக்காகப் புது குர்னா என்று மண்ணிலேயே ஒரு முழுக் கிராமம் கட்டத் தொடங்கினார். உலகமே கொண்டாடுகிற கட்டடங்கள். யாருக்காகக் கட்டினாரோ அவர்களில் பெரும்பாலோர் குடிபோகவில்லை. பழைய கல்லறைகளுக்கு நடுவே இருந்த தங்கள் இடத்தை விட்டு அரசாங்கம் கிளப்பப் பார்க்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கும்மட்டம் அழகா இல்லையா என்பது அவர்கள் பிரச்சினை இல்லை. யார் கேட்டார்கள், யார் முடிவு செய்தார்கள் என்பதுதான்.

எங்கள் பழைய தொகுப்பு வீட்டை இடித்துவிட்டோம். என் சம்பளத்தின்மேல் கடன் வாங்கி அதே மூன்று சென்ட்டில் புதிது எழும்புகிறது. கொத்து வேலை சித்தப்பா. எலிப்பொறிக் கட்டு அவர்தான் போட்டார், எங்கே கற்றார் என்று கேட்டால், “ஒரு வெள்ளக்காரன் போட்டதாம், கேரளாவுல பாத்தேன்” என்கிறார். தளத்திலும் அதே மாதிரி ஒரு வேலை செய்யப் போகிறார். கம்பிகளுக்கு நடுவே, கான்கிரீட் சும்மா கனத்துக்கு மட்டும் கிடக்கிற இடத்தில், பழைய மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊற்றுவது. சிமெண்டும் குறையும், சூடும் குறையும். அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “ஓடு வெளிய தெரிஞ்சா பாதி ஊடுதான் கட்டனோம்னு ஊர்ல பேசுவாங்கோ” என்றாள். அடியில் பூசி மறைத்துவிடுகிறேன் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தாள். இந்த ஓட்டு வித்தை 2011ல் வந்த பசுமை வீட்டின் வரைபடத்தில் இருந்ததா? எங்கள் தெரு ஆறு வீட்டிலும் ஒரு ஓடுகூட இல்லை. ஏன் இல்லை என்று அந்தப் பயிலரங்குக்காரர்கள் கோட்டைக்குப் போய்க் கேட்கலாம். எங்கள் தெருவுக்கு வருவதைவிட அது பக்கம்.

அழைப்புக்குப் பதில் எழுதிவிட்டேன். எனக்கு மரபுக் குடியிருப்பு ஞானம் கிடையாது, சித்தப்பாவுக்கு உண்டு, அவரைக் கூப்பிடுங்கள், கட்டடக் கலைஞருக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதைக் கொடுங்கள், அழைப்பிதழில் முழுப் பெயரும் போடுங்கள் என்று. உடனே பதில் வந்தது. மகிழ்ச்சி, வியாழக்கிழமை காலை அமர்வில் அவர் மண் மிதிக்கும் செயல்விளக்கம் தரலாம் என்று.

வியாழக்கிழமை அவரால் வர முடியாது. அன்றைக்கு எங்களுக்குத் தளம் ஊற்றுகிறார்கள்.